பத்தொன்பதுக்குப் பின் இரண்டு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. இந்த வளைவுகளின் பராமரிப்பு விவரங்களைக் கணினியில் ஏற்றி, வளைவு எண்ணின்படி அடுக்கித் தரச் சொன்னால் சில சமயம் திரையில் இப்படி வரும்: 1, 10, 11, 12 என்று 19 வரை போய், பிறகு 2, பிறகு 20, பிறகு 3. மலை ஏறிய எவருக்கும் இது தவறு என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால் ஏன் இப்படி வருகிறது என்பது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. பலரும் பதிவுகள் கெட்டுவிட்டன என்று நினைத்து, எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை.

இத்தகைய கோளாறுகளைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் போதும். விவரங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அட்டவணை. அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துத் தரச் சொல்லும் கட்டளை வினவல். அலுவலகங்களில் இதைக் கொயரி என்பார்கள். அந்த விடையைப் பெட்டி பெட்டியாகத் திரையில் காட்டுவது படிவம், அதாவது ஃபார்ம். மூன்றும் சேர்ந்த அமைப்பு தரவுத்தளம். மைக்ரோசாஃப்ட் அக்சஸ், லிப்ரே ஆபிஸ் பேஸ் போன்ற மென்பொருள்களில் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் செய்துகொள்ளலாம். சிறிய அலுவலகங்களும் தோட்டங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இவற்றை வைத்தே காலம் தள்ளுகின்றன.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அட்டவணைக்கு வரிசை கிடையாது என்பது. காகிதத்தில் பழகியவர்களுக்கு இதை ஏற்பது கொஞ்சம் கடினம். ஓர் எடுத்துக்காட்டு: தம் முதிய வயதில் ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டவர். அவர் திரட்டிய தொல்பொருள்கள் 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அவற்றின் பட்டியல், அவர் மறைந்த பிறகு 1914-ல் நூலாக வந்தது. அச்சான பட்டியலில் எது முன், எது பின் என்பது தாளிலேயே நிலைத்துவிடும். நூறாண்டு கழித்துத் திறந்தாலும் அதே வரிசைதான். தரவுத்தளம் அப்படி இயங்குவதில்லை. 1970-ல் எட்கர் காட் வகுத்த கோட்பாட்டின்படி, அட்டவணை என்பது வரிசையற்ற ஒரு தொகுதி. வினவலில் 'ஆர்டர் பை' என்ற கட்டளையைச் சேர்த்து வரிசையைக் கேட்டால்தான் வரிசை உண்டு. கேட்காதபோதும் ஏதோ ஒரு வரிசையில் பதிவுகள் வரத்தான் செய்யும். பல மாதங்கள் ஒரே மாதிரி வரவும் கூடும். அது தற்செயல். பதிவுகளை நீக்கிச் சேர்த்த பிறகோ மென்பொருளின் பதிப்பு மாறிய பிறகோ அது கலைந்தால், புகார் சொல்ல இடமில்லை.

கேட்ட பிறகும் வரிசை பாதியளவே நிலைப்பது உண்டு. ஏற்காடு ஒன்றியத்தில் 9 ஊராட்சிகள். காபி விவசாயிகளின் பட்டியலை ஊராட்சிவாரியாக அடுக்கச் சொன்னால், நாகலூர்க்காரர்கள் எல்லாரும் ஒன்றாக வருவார்கள். ஆனால் நாகலூருக்குள் யார் முன், யார் பின் என்று நாம் சொல்லவில்லை. ஆகவே அது ஒவ்வொரு முறையும் மாறலாம். ஊராட்சி, பிறகு பெயர், பிறகு ஒருவருக்கு மட்டுமே உரிய பதிவு எண் என்று கேட்டால்தான் வரிசை முழுமையாகும்.

இனி அந்த 20 வளைவுகள். அட்டவணையில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வகை உண்டு: எண், எழுத்து, தேதி என்று. வளைவு எண் பத்தியை எழுத்து வகையில் வைத்துவிட்டால், கணினி 10 என்பதைப் பத்து என்று படிக்காது. 1 என்ற குறியும் அதன்பின் 0 என்ற குறியும் என்றே படிக்கும். அகராதியில் சொற்களை ஒப்பிடுவதுபோல முதல் குறியை முதலில் ஒப்பிடும். 1-ல் தொடங்குபவை எல்லாம் 2-ல் தொடங்குபவற்றுக்கு முன்னால் நிற்கும். பத்தியை எண் வகைக்கு மாற்றினால் அந்த நொடியே பட்டியல் சரியாகிவிடும். மாற்ற முடியாத நிலையில், அக்சஸ் மென்பொருளில் 'வால்' என்ற செயல்கூற்றால் எழுத்தை எண்ணாக்கி, அதன்படி அடுக்கச் சொல்லலாம். வெற்றாக இருக்கும் பதிவுகள் அப்போது பிழை காட்டும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

நில விவரங்களில் இதே சிக்கல் இன்னும் பின்னலாக வரும். புல எண் 7, உட்பிரிவு 2ஏ என்பதை 7/2ஏ என்று ஒரே பெட்டியில் எழுதிவிட்டால் அதை எண்ணாக மாற்ற வழியில்லை. எழுத்தாகவே அடுக்கினால் 7/10 என்பது 7/2-க்கு முன் வந்து நிற்கும். 10/1 என்பது 7/1-க்கும் முன்னால் போய்விடும். தமிழ்நாட்டின் பட்டா, சிட்டா நகல்களைப் பாருங்கள். புல எண்ணுக்கு ஒரு பத்தி, உட்பிரிவுக்குத் தனிப் பத்தி. இந்தப் பிரிப்பு மிகவும் சரியானது. இரண்டு பத்திகளாக இருந்தால் முதலில் புல எண்ணை எண்ணாக அடுக்கி, அதற்குள் உட்பிரிவை அடுக்கலாம். உட்பிரிவிலும் எண்ணும் எழுத்தும் கலந்து வரும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் சிக்கல் சிறிய இடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

தேதியும் அப்படித்தான். சேர்வராயன் மலையில் அராபிகா காபிப் பழம் பறிப்பது நவம்பரில் சூடுபிடித்து, புத்தாண்டைத் தாண்டியும் நீளும். ஒரு பருவம் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கிறது. கொள்முதல் பதிவேட்டில் தேதியை எழுத்து வகையில் வைத்தால், 03-01-2025 என்பது 12-11-2024-க்கு முன்னால் வந்துவிடும். 0 என்ற குறி 1-க்கு முந்தியது, அவ்வளவுதான். பருவத்தின் கடைசிப் பறிப்பு முதல் பறிப்புக்கு மேலே நிற்கும்.

தேதி வகையில் வைத்திருந்தும் தப்பு நேரும் ஓர் இடம் உண்டு. படிவத்தில் தேதியைக் கேட்டு வாங்கி, அதை அப்படியே வினவல் வாக்கியத்துக்குள் ஒட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அக்சஸின் வினவல் வாக்கியம் அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் படிக்கும். 03/01/2025 என்று நாம் ஜனவரி 3-ஐ எழுதினால், அது மார்ச் 1 என்று எடுத்துக்கொள்ளும். 13/01/2025 என்றால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் தானாகவே ஜனவரி 13 என்று திருத்திக்கொள்ளும். எனவே மாதத்தின் முதல் 12 நாள்களுக்கு மட்டும் விடை தவறாக வரக்கூடும், மற்ற நாள்களுக்குச் சரியாக வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. 15-ஆம் தேதியை வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2025-01-03 என்று எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை.

வகை சரி, வினவலும் சரி, வினவலைத் தனியே திறந்தால் வரிசை ஒழுங்காக இருக்கிறது. ஆனால் படிவத்தில் மட்டும் கலைந்து நிற்கிறது என்றால், படிவம் தன் சொந்த வரிசையை வைத்திருக்கிறது என்று பொருள். அக்சஸில் யாராவது படிவத்தைத் திறந்து, ஒரு பெட்டியின்மேல் வலச்சொடுக்கி வரிசைப்படுத்திவிட்டுச் சேமித்தால், அந்த வரிசை படிவத்தின் பண்புகளில் பதிந்துவிடும். அடுத்த முறை படிவம் திறக்கும்போது வினவலின் வரிசைக்கு மேலாக இது செல்லும். வடிகட்டியும் இப்படியே ஒட்டிக்கொள்ளும். திறக்கும்போதே அது இயங்கும்படி அமைந்திருந்தால் பாதிப் பதிவுகள் காணாமல் போனதுபோல் இருக்கும். படிவத்தை வடிவமைப்பு நிலையில் திறந்து, அதன் பண்புகளில் வரிசைக்கும் வடிகட்டிக்கும் உரிய இடங்களைப் பார்த்தால் பழைய கட்டளை அங்கே இருப்பது தெரியும். அச்சிடும் அறிக்கைகளுக்கும் தனியே ஒரு வரிசை அமைப்பு உண்டு. அங்கே வேறு வரிசை குறித்திருந்தால், வினவலில் என்ன கேட்டிருந்தாலும் அறிக்கை அதைப் பொருட்படுத்தாது.

இன்னொன்று: படிவத்தில் கண்ணுக்குத் தெரிவதும் அட்டவணையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஊராட்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் கீழிறங்கு பெட்டி மஞ்சக்குட்டை என்று காட்டும். அட்டவணையில் 5 என்ற குறியீட்டு எண் மட்டும் இருக்கும். வினவலில் அந்தப் பத்தியின்படி அடுக்கச் சொன்னால் குறியீட்டு எண்ணின்படிதான் அடுக்கும். பெயர்களின் அட்டவணையையும் வினவலில் இணைத்து, பெயரின்படி அடுக்கச் சொல்ல வேண்டும்.

காட்சிக் கோளாறுகளில் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். பெட்டியில் வெறும் # குறிகள் வரிசையாகத் தெரிந்தால் பெட்டியின் அகலம் போதவில்லை. பெட்டியில் 'நேம்' என்று கேள்விக்குறியுடன் வந்தால், அந்தப் பெட்டி தேடும் பெயரில் வினவலில் பத்தி இல்லை. ஒரே ஒரு பதிவு மட்டும் தெரிந்தால், படிவம் ஒற்றைப் பதிவு நிலையில் இருக்கலாம். படிவமே வெள்ளையாக நின்றால், வினவலுக்கு விடையும் இல்லை, புதிய பதிவு சேர்க்க அனுமதியும் இல்லை என்று அர்த்தம். பழைய பதிவுகள் எதுவும் காட்டாமல் புதிய பதிவுக்கான வெற்றுப் பெட்டிகள் மட்டும் வந்தால், அது உள்ளீட்டுக்கு மட்டும் என்று அமைக்கப்பட்டிருக்கும். இன்னொருவர் இப்போதுதான் சேர்த்த பதிவு உங்கள் திரையில் இல்லையென்றால், வினவலை மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும். திரையைப் புதுப்பிப்பது மட்டும் போதாது. நீண்ட குறிப்புகள் பாதியில் அறுந்து நின்றால், வினவலில் இரட்டைப் பதிவுகளை நீக்கும் கட்டளையோ தொகுக்கும் கட்டளையோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அக்சஸ் 255 குறிகளோடு வெட்டிவிடும். 'கா', 'க்', 'கி' ஒவ்வொன்றும் கணினிக்கு இரண்டு குறிகள் என்பதால், நம் கணக்கில் 255 எழுத்து வருவதற்கு வெகு முன்பே தமிழ்க் குறிப்பு அறுந்துவிடும்.

இதுவரை சொன்னவை எந்த மொழிக்காரருக்கும் வரக்கூடியவை. தமிழுக்கென்று உள்ள சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதைத்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

ஏற்காட்டின் 9 ஊராட்சிகளை அகர வரிசையில் எழுதினால்: ஏற்காடு, செம்மநத்தம், தலைச்சோலை, நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், வாழவந்தி, வெள்ளக்கடை, வேலூர். கணினியில் எந்தத் தமிழ் விதியும் அமைக்காமல் அடுக்கச் சொன்னாலும் இதே வரிசைதான் வரும். ஆகவே மென்பொருளுக்குத் தமிழ் அகர வரிசை தெரியும் என்று முடிவு செய்துவிடத் தோன்றும். இப்போது ஆட்களின் பெயர்களைக் கொடுத்துப் பாருங்கள். மணி, மயில்சாமி, மலர்விழி, மனோகரன் என்பது தமிழ் வரிசை. கணினி தருவது மணி, மனோகரன், மயில்சாமி, மலர்விழி. சிவகாமிக்கு முன்னால் சின்னப்பன் வந்துவிடுவார். ஜெயந்தி சகரப் பெயர்களை அடுத்து, எல்லாருக்கும் நடுவில் வந்து நிற்பார்.

காரணம் இது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் அட்டவணையே யூனிகோடு. முதல் பதிப்பு 1991-ல் வந்தது. அதில் இந்திய எழுத்துகளின் பகுதி, இந்திய அரசு முன்பு வகுத்த இஸ்கி என்ற தரத்தைப் பின்பற்றியது. இஸ்கியில் எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அடுக்கு. ஒத்த ஒலிக்கு ஒத்த இடம். அந்த அடுக்கில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ஜ என்பது ச-வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டன. ழ, ள இரண்டும் வ-வுக்கு முன்னால் போயின. நாம் பள்ளியில் படித்த ய ர ல வ ழ ள ற ன என்ற முறை அதில் இல்லை. விதி எதுவும் சொல்லாதபோது மென்பொருள் இந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்குகிறது.

புள்ளி எழுத்துகளிலும் இதே கதை. தமிழ் அகராதி முறைப்படி ச்-க்குப் பிறகுதான் ச. எனவே பச்சையம்மாள் முன்னால், பசுபதி பின்னால். யூனிகோடில் புள்ளிக்கு உரிய எண், உகரக் குறியின் எண்ணைவிடப் பெரியது. அதனால் பசுபதி முந்திக்கொள்வார்.

ஒரே பெயர் இரண்டு இடங்களில் வருவதும் உண்டு. சேர்வராயன் மலையில் கொட்டச்சேடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் முதல் எழுத்தான 'கொ'வை, ககரத்தோடு ஒகரத்துக்கான ஒரே குறியைச் சேர்த்து எழுதலாம். அல்லது ககரத்தோடு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வெறும் எண்ணைப் பார்க்கும் மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். ஒன்று 'கெ' வரிசையோடு போய் நிற்கும், மற்றொன்று 'கை' வரிசையைத் தாண்டி நிற்கும். ஊர்வாரியாக எண்ணிக்கை எடுத்தால் கொட்டச்சேடு இருமுறை வரும், இரண்டும் குறைவாக இருக்கும். கண்ணால் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. யூனிகோடு இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்றே சொல்கிறது. பதிவேற்றும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றுவதற்கான முறையையும் தந்திருக்கிறது. அந்த மாற்றத்தை ஒருவர் செய்ய வேண்டும், அவ்வளவே.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பழைய பதிவுகள் இன்னொரு வகை. அவற்றில் கொம்பு முதலில், எழுத்து பிறகு என்று, கண்ணுக்குத் தெரியும் முறையிலேயே பதிவாகியிருக்கும். ஆகவே சேலம், தேனி, மேட்டூர் மூன்றும் இரட்டைக் கொம்பின்கீழ் ஒன்றாகக் கூடிவிடும். இவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் எந்த வரிசை விதியும் பயன்படாது.

தீர்வுகள் புதியவை அல்ல. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடோடு டேஸ்-16 என்ற குறிமுறையையும் ஏற்றது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண், அதுவும் அகர வரிசைப்படி. வெறும் எண்ணை வைத்து அடுக்கினாலே தமிழ் வரிசை வந்துவிடும். ஆனால் அது யூனிகோடில் தனிப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட பகுதியில் அமைந்ததால் பொதுப் புழக்கத்துக்கு வரவில்லை. இன்று நடைமுறையில் உள்ள வழி வேறு. எழுத்தின் எண் எதுவாக இருந்தாலும், அடுக்கும்போது எந்த விதியைப் பின்பற்ற வேண்டும் என்று தரவுத்தளத்துக்குத் தனியே சொல்லலாம். இந்த விதிக்கு வரிசை நெறி என்று பெயர். யூனிகோடின் பொது வரிசை நெறியே வ ழ ள ற ன முறையை மதிக்கிறது. ஜ, ஷ போன்றவற்றைக் கடைசியில் வைக்கிறது. புள்ளி எழுத்தை முன்னால் வைக்கத் தமிழுக்கான கூடுதல் விதியும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2017-ல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து இந்தத் தமிழ் நெறியைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். மைஎஸ்க்யூஎல் எட்டாம் பதிப்பில் பொது நெறி இயல்பாகவே கிடைக்கிறது. பைனரி நெறியைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் பழையபடி எண் வரிசைக்குப் போய்விடும்.

பயன்படுத்தும் மென்பொருளில் தமிழ் நெறி கிடைக்காவிட்டால், அட்டவணையில் கூடுதலாக ஒரு பத்தி வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிசைக் குறியை எழுதிவைக்கலாம். அ-வுக்கு 001, ஃ-க்கு 013, க்-க்கு 014 என்று எல்லா எழுத்துக்கும் ஒரே நீளத்தில் எண் கொடுத்து, பெயரை அந்த எண்களாக மாற்றும் சிறிய நிரல் போதும். படிவத்தில் பெயர் தெரியும். வினவல் குறியின்படி அடுக்கும். அழகான வழி என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம்பகமானது.

கோளாறு தேடும்போது கீழிருந்து மேலே போவது நல்லது. முதலில் அட்டவணையில் பத்தியின் வகை என்ன என்று பாருங்கள். பிறகு வினவலைத் தனியே ஓட்டிப் பாருங்கள். வினவல் சரியாக இருந்தால் படிவத்தின் பண்புகளுக்குப் போங்கள். தமிழ்ப் பெயர்கள் என்றால் வரிசை நெறியையும் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றி விடையைப் பார்த்துவிட்டு மேலே செல்ல வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது சரி செய்தது என்று தெரியாது.

என் கருத்து ஒன்று உண்டு. பெயர்ப்பட்டியலில் தன் பெயரைத் தேடும் ஒருவர், தமிழ் அகர வரிசையில் அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் விரலை வைப்பார். அங்கே இல்லையென்றால் தன் பெயர் விட்டுப்போனது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார். ரேஷன் பட்டியலானாலும் கொள்முதல் பட்டியலானாலும் இது நடக்கக்கூடியதே. ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், பள்ளி என்று எந்த இடத்துக்காவது மென்பொருள் வாங்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், பணம் கொடுக்கும் முன் மலர்விழி, மனோகரன், மணி, மயில்சாமி, பசுபதி, பச்சையம்மாள், சின்னப்பன், சிவகாமி, ஜெயந்தி என்ற ஒன்பது பெயர்களையும், இரண்டு விதமாக எழுதிய கொட்டச்சேட்டையும் கொடுத்து அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள்.